சட்டக் கல்லூரி விண்ணப்பம்: இரண்டாம் ஆண்டு மதிப்பெண் சரிவை எப்படி விளக்குவது?

மரகதப்புறா

அமெரிக்காவில் ஜேடி (சட்டப் பட்டம்) படிப்புக்கு இந்தச் சுற்றில் விண்ணப்பிக்கிறேன். எல்சாட் (சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு) 170. எட்டு செமஸ்டரில் ஆறு செமஸ்டருக்குச் சேர்த்து ஜிபிஏ (4-புள்ளி அளவில் கிரேடுகளின் சராசரி) 3.8 இருக்கிறது. இரண்டாம் ஆண்டின் இரண்டு செமஸ்டர்தான் பிரச்சினை, அதில் 2.4. அந்த ஆண்டு அம்மாவுக்குப் புற்றுநோய் சிகிச்சை நடந்தது. அப்பாவுக்கு வேறு மாநிலத்தில் வேலை. தம்பி பள்ளிப் பிள்ளை. வாரத்தில் பாதி நாள் நான் வீட்டில்தான் இருந்தேன். இப்போது அம்மா நன்றாக இருக்கிறார்.

ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் டி வந்தது. மறுபடி எடுத்து ஏ வாங்கினேன். கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியலில்) என் ஜிபிஏ 3.54. சட்டக் கல்லூரிகளுக்கு விண்ணப்ப அறிக்கை அனுப்பும் எல்எஸ்ஏசி அமைப்பின் கணக்கில் 3.46 என்று வந்திருக்கிறது. ஏன் குறைந்தது என்று புரியவில்லை.

அடெண்டம் (இந்தச் சரிவை விளக்கும் தனிக் குறிப்பு) எழுத வேண்டுமா? எழுதினால் எவ்வளவு நீளம்? என் வரைவைத் தமிழில் தருகிறேன்:

"சிறு வயதிலிருந்தே நான் படிப்பில் முதலிடத்தில் இருந்தவள். எதிர்பாராத சூழ்நிலைகளால் என் இரண்டாம் ஆண்டு பெரும் போராட்டமாக அமைந்தது. குடும்பப் பொறுப்புகளும் மன வேதனையும் என்னை வாட்டின. ஆனாலும் நான் துவண்டுவிடவில்லை. என் ஜிபிஏ என் உண்மையான திறமையைக் காட்டவில்லை. சில பேராசிரியர்கள் என் நிலைமையைப் புரிந்துகொள்ளவில்லை. தயவுசெய்து என் விண்ணப்பத்தைக் கருணையோடு பரிசீலிக்க வேண்டுகிறேன்."

ஆனைச்சாத்தன்

அம்மா நலமாகிவிட்டார் என்று கேட்க நிம்மதியாக இருக்கிறது.

நான் சில ஆண்டுகள் ஒரு சட்டக் கல்லூரியின் சேர்க்கைக் குழுவில் விண்ணப்பங்களைப் படித்திருக்கிறேன். முதலில் எண் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். உங்கள் கல்லூரி மறுபடி எடுத்த பாடத்தின் புது கிரேடை மட்டும் வைத்துக்கொண்டு பழைய டியை நீக்கிவிட்டது. எல்எஸ்ஏசி அப்படிச் செய்யாது. பழைய கிரேடும் அதன் கிரெடிட்டும் டிரான்ஸ்கிரிப்டில் தெரிந்தால் இரண்டையுமே கணக்கில் எடுக்கும். அதன் மேல் கோடு போட்டு அடித்திருந்தாலும் அப்படித்தான். கெமிஸ்ட்ரி 4 கிரெடிட், பட்டத்துக்கு 120 கிரெடிட் என்று வைத்துப் பாருங்கள். கல்லூரி 120-ஆல் வகுக்கிறது, எல்எஸ்ஏசி 124-ஆல் வகுக்கிறது. அந்த ஒற்றை டிதான் 3.54-ஐ 3.46 ஆக்கியது. கணக்குப் பிழை எதுவும் இல்லை, முறையீடு செய்யத் தேவையில்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இன்னும் சில விதிகள். பள்ளியில் இருக்கும்போதே கம்யூனிட்டி காலேஜில் எடுத்த பாடங்களும் இந்தக் கணக்கில் வரும். ஏ பிளஸுக்கு 4.33 உண்டு, அதனால் சிலருக்கு எல்எஸ்ஏசி ஜிபிஏ கல்லூரி ஜிபிஏவை விடக் கூடுதலாகவும் வரும். பாஸ் என்று மட்டும் போட்ட பாடம் கணக்கில் வராது, அதே முறையில் ஃபெயில் ஆனால் பூஜ்யமாக வரும். பாடத்தைப் பாதியில் விட்டதற்குப் போடும் சாதாரண டபிள்யூ பாதிக்காது. முதல் இளநிலைப் பட்டம் கையில் வந்த பிறகு வாங்கும் எந்த கிரேடும் இந்த எண்ணை மாற்றாது, முதுநிலையில் 4.0 வாங்கினாலும் கூட. இதை அறியாமல் எண்ணை உயர்த்துவதற்கென்றே ஒரு மாஸ்டர்ஸில் பணத்தைக் கொட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும்.

சரி, அடெண்டம். எழுதுங்கள், கட்டாயம் எழுதுங்கள். எல்எஸ்ஏசி அனுப்பும் அறிக்கையில் உங்கள் ஜிபிஏ ஆண்டுவாரியாகப் பிரித்து இருக்கும். உங்கள் கட்டுரையைத் திறப்பதற்கு முன்பே படிப்பவர் அந்த 2.4-ஐப் பார்த்துவிடுவார். அவருக்கு எழுவது ஒரே கேள்விதான்: இப்படி ஓர் ஆண்டு இங்கேயும் வருமா? அதற்குப் பதில் சொல்லும் வாக்கியம் எதுவோ அது இருக்கட்டும். மற்றதெல்லாம் போகலாம்.

கொன்றைப்பூ

மரகதப்புறா, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் முதல் பதிவின் முதல் பத்தி வரைவை விடப் பல மடங்கு நன்றாக இருக்கிறது. "அம்மாவுக்குப் புற்றுநோய் சிகிச்சை. அப்பா வேறு மாநிலத்தில். தம்பி பள்ளிப் பிள்ளை." எங்களிடம் இவ்வளவு தெளிவாகச் சொன்னவர் வரைவில் அம்மாவையே காணோமே! "எதிர்பாராத சூழ்நிலைகள்", "குடும்பப் பொறுப்புகள்" என்று பூசி மெழுகினால் படிப்பவர் எதையாவது கற்பனை செய்துகொள்வார், அது பெரும்பாலும் உங்களுக்குச் சாதகமாக இருக்காது.

பேராசிரியர்கள் பற்றிய வரியை இன்றே நீக்கிவிடுங்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதைப் படிப்பவர் அந்தப் பேராசிரியர்களின் பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பவர். கடைசி வரியும் வேண்டாம். நீங்கள் தகவல் தருகிறீர்கள், சலுகை கேட்கவில்லை. "கருணை" என்ற சொல் வந்த உடனே நீங்கள் ஒரு படி கீழே இறங்கி நிற்கிறீர்கள்.

"என் உண்மையான திறமையைக் காட்டவில்லை" என்ற வரிக்குப் பதிலாக எண்ணை வையுங்கள். மற்ற ஆறு செமஸ்டரில் 3.8. அதைப் படித்துவிட்டு அவரே அந்த முடிவுக்கு வரட்டும்.

நெடுவழி

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். அம்மாவின் சிகிச்சை, தம்பியை வளர்த்தது, படிப்பு என்று மூன்றையும் சுமந்திருக்கிறீர்கள். இதை ஏன் அரைப் பக்க அடெண்டத்தில் அடக்க வேண்டும்? பர்சனல் ஸ்டேட்மென்டின் (விண்ணப்பத்தோடு உங்களைப் பற்றி எழுதித் தரும் கட்டுரையின்) கருவே இதுதான் என்று எழுதினால் மதிப்பெண் சரிவும் அதிலேயே விளங்கிவிடுமே. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

ஆனைச்சாத்தன்

நெடுவழி சொல்வதில் பாதி சரி. அந்த ஆண்டு உங்களை எப்படி மாற்றியது, மருத்துவமனைக் காப்பீட்டுப் படிவங்களோடு மல்லுக்கட்டியதால்தான் சட்டம் பக்கம் வந்தீர்களா, இதெல்லாம் இருந்தால் பர்சனல் ஸ்டேட்மென்டில் தாராளமாக எழுதலாம். ஆனால் கிரேடு என்ற பேச்சே அங்கே வரக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன். பர்சனல் ஸ்டேட்மென்ட் படிக்கும்போது உங்களோடு ஒருவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். நடுவில் "அதனால்தான் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் டி" என்று வந்த மறுகணம் அதுவரை சொன்ன அத்தனையும் அந்த டிக்கு வக்காலத்தாக மாறிவிடுகிறது. அம்மாவைப் பற்றிய நல்ல பத்தி ஒன்று இப்படி வீணாவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும்.

எதைப் பற்றி எழுதுவது என்பது உங்கள் விருப்பம். பர்சனல் ஸ்டேட்மென்டில் வேறு எதையோ எழுதினாலும் தவறில்லை. அம்மாவின் நோயைத்தான் எழுத வேண்டும் என்று யாருக்கும் கடன்பட்டிருக்கவில்லை நீங்கள்.

வடக்குக்காற்று

எண் பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் அடெண்டம் எவ்வளவு தூரம் உதவும் என்பதைத் தெரிந்துகொண்டு எழுதுவது நல்லது.

கல்லூரிகள் வெளியிடுவது நடு மதிப்பு (சேர்ந்தவர்களில் பாதிப் பேர் இதற்கு மேலே, பாதிப் பேர் கீழே), சராசரி கிடையாது. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் விதிப்படி ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் 509 அறிக்கை வெளியிட வேண்டும். அதில் எல்சாட்டுக்கும் ஜிபிஏவுக்கும் 25, 50, 75-ஆம் சதமான எண்கள் இருக்கும், 50-ஆவதுதான் அந்த நடு எண். தரவரிசைப் பட்டியல்கள் அந்த நடு எண்ணை எடுத்துக்கொள்கின்றன. 2022 நவம்பரில் யேல், ஹார்வர்டு போன்றவை யூஎஸ் நியூஸ் தரவரிசைப் பட்டியலோடு ஒத்துழைப்பதில்லை என்று அறிவித்தன, அதற்குப் பின் அந்தப் பட்டியலில் எல்சாட், ஜிபிஏ எண்களுக்கு இருந்த எடைகள் குறைக்கப்பட்டன. ஆனாலும் நடு எண்ணின் மேல் கல்லூரிகளுக்கு இருக்கும் அக்கறை போய்விடவில்லை.

இதனால் என்ன ஆகிறது? ஒரு கல்லூரியின் நடு ஜிபிஏ 3.8 என்றால், அவர்களுடைய நடு எண்ணைப் பொறுத்தவரை உங்கள் 3.46-உம் இன்னொருவரின் 3.1-உம் ஒன்றுதான், இரண்டுமே கோட்டுக்குக் கீழே. எவ்வளவு உருக்கமான அடெண்டமும் அதை மாற்றாது. உங்கள் 170 அந்தக் கல்லூரியின் எல்சாட் நடு எண்ணுக்கு மேலே இருந்தால் நீங்கள் ஸ்ப்ளிட்டர், அதாவது ஓர் எண் கோட்டுக்கு மேலே, இன்னொன்று கீழே. உங்களை எடுக்க அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு காரணம் இருக்கிறது. அப்போது அடெண்டம் செய்யும் வேலை, எடுப்பதற்கான தயக்கத்தை நீக்குவது. எல்சாட்டும் நடு எண்ணுக்குக் கீழே என்றால் அடெண்டத்தைத் திருத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் எல்சாட்டுக்குத் தயாராவது அதிகப் பலன் தரும்.

கல்லூரிப் பட்டியலை அந்த அறிக்கைகளைப் பார்த்துப் போடுங்கள். 25-ஆம் சதமான ஜிபிஏ (கால்வாசிப் பேர் இதற்குக் கீழே) 3.4 பக்கம் இருக்கும் இடங்களில், உங்களைப் போன்ற எண்ணோடு ஆட்களை எடுத்த பழக்கம் அவர்களுக்கு இருக்கிறது என்று பொருள்.

தூக்கணாங்குருவி

மரகதப்புறா, உங்கள் இழையில் குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் நிலைமை வேறு. மூன்றாம் ஆண்டில் மன அழுத்த நோய். ஒரு செமஸ்டர் முழுக்க இரண்டு எஃப், ஒரு டி. அகாடமிக் ப்ரொபேஷனில் (கிரேடு குறைந்ததற்கான கண்காணிப்பில்) போட்டார்கள். அடுத்த செமஸ்டர் மருத்துவ விடுப்பு எடுத்தேன். திரும்பி வந்து கடைசி மூன்று செமஸ்டரும் 3.7-க்கு மேல். மனநலம் பற்றி எழுதினால் ஒதுக்கிவிடுவார்கள், "உடல்நலக் குறைவு" என்று மட்டும் எழுது என்கிறார்கள் நண்பர்கள். எது சரி?

கொன்றைப்பூ

"உடல்நலக் குறைவு" போதும் என்பதுதான் என் கருத்தும். அது பொய் இல்லை. சட்டத் துறையில் இன்னும் பழைய பார்வை உள்ளவர்கள் இருக்கிறார்கள். தெரியாத ஒருவர் கையில் உங்கள் மருத்துவ வரலாற்றைக் கொடுக்க வேண்டிய அவசியம் என்ன?

ஆனைச்சாத்தன்

கொன்றைப்பூவின் கவலை நியாயமானது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எனக்கு வேறு கருத்து.

நோயின் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பது முழுக்க உங்கள் உரிமை. "ஒரு மருத்துவக் காரணம்" என்று எழுதி நிறுத்தினாலும் யாரும் தோண்டிக் கேட்கக் கூடாது. ஆனால் பெயரைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் படிப்பவருக்கு வேண்டியது அடுத்த பகுதி: கண்டறிந்தார்கள், சிகிச்சை எடுத்தேன், திரும்பி வந்தேன், மூன்று செமஸ்டர் முழுப் பாடச் சுமையோடு 3.7. உங்களுக்கு அது இருக்கிறது. விடுப்பு எடுத்ததைப் பலவீனமாக நினைத்து மறைக்காதீர்கள். முடியவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தி, சரி செய்துகொண்டு, முடித்த ஆள் நீங்கள். சட்டக் கல்லூரி முதல் ஆண்டின் அழுத்தத்தைத் தெரிந்தவர்களுக்கு அந்த முடிவின் மதிப்பு புரியும். நான் படித்த கோப்புகளில் கவலை தந்தவை வேறு மாதிரி: இரண்டு வாக்கியம் நோய், அப்புறம் ஒன்றுமே இல்லை. முடிந்ததா, தொடர்கிறதா, உதவி கிடைத்ததா, எதுவும் தெரியாது.

ஏடிஎச்டி (கவனக் குறைபாட்டுக் கோளாறு) போன்ற ஒன்று தாமதமாகக் கண்டறியப்பட்டவர்களுக்கும் இதுதான். கண்டறிவதற்கு முன், பின் என்று கிரேடு இரண்டாகப் பிரிவது ஆண்டுவாரி அறிக்கையிலேயே தெரியும், தேதியை மட்டும் சொன்னால் போதும். எல்சாட்டில் கூடுதல் நேரம் பெற்றால் மதிப்பெண்ணோடு குறிப்பு போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். அந்த வழக்கம் 2014-இல் நீதிமன்ற உடன்பாட்டோடு முடிந்துவிட்டது.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் உங்களுக்கு இதுதான் மிக முக்கியம். ப்ரொபேஷன். விண்ணப்பத்தில் கேரக்டர் அண்ட் ஃபிட்னஸ் (நடத்தையும் தகுதியும்) பகுதி என்று தனியாக ஒன்று உண்டு. எப்போதாவது ப்ரொபேஷனில் இருந்தீர்களா என்று பல கல்லூரிகள் நேரடியாகக் கேட்கும். சில கல்லூரிகள் ஒழுங்கு நடவடிக்கையை மட்டும் கேட்கும், சில கல்வி சார்ந்ததையும் சேர்த்துக் கேட்கும். ஒவ்வொரு கல்லூரியின் கேள்வியையும் வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள். கேட்டிருந்தால் "ஆம்" என்று சொல்லி அங்கேயே தேதியோடு விளக்குங்கள். அடெண்டத்தில் எழுதிவிட்டோம், இங்கே எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். படித்து முடித்து வழக்கறிஞர் உரிமத்துக்குப் போகும்போது அந்தக் குழு உங்கள் சட்டக் கல்லூரி விண்ணப்பத்தை வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கும். ப்ரொபேஷனால் யாருக்கும் உரிமம் போவதைப் பார்த்ததில்லை. மறைத்தது தெரிந்தால் கதை வேறு.

தூக்கணாங்குருவி

நன்றி. என் பட்டியலில் இருக்கும் கல்லூரிகளின் கேள்விகளைத் திறந்து பார்த்தேன். உண்மையிலேயே ஒவ்வொன்றும் வேறு வேறு மாதிரி கேட்டிருக்கிறார்கள். ஒரே பதிலை எல்லாவற்றிலும் ஒட்டலாம் என்று நினைத்திருந்தேன்.

பனங்காடை

இந்தியாவில் பிஇ முடித்தவர்களின் நிலை என்ன? முதல் இரண்டு செமஸ்டரில் நான்கு அரியர் இருந்தது, எல்லாம் அடுத்த முயற்சியில் கிளியர் செய்துவிட்டேன். மொத்தம் 64 சதவீதம். அமெரிக்கக் கணக்கில் இது டி என்று ஒருவர் சொல்லிப் பயமுறுத்திவிட்டார்.

வடக்குக்காற்று

பயப்பட வேண்டாம். அமெரிக்கா, கனடாவுக்கு வெளியே படித்த பட்டத்துக்கு எல்எஸ்ஏசி ஜிபிஏ எண்ணே கொடுக்காது. உங்கள் மதிப்பெண் பட்டியல்களை ஒரு மதிப்பீட்டு அமைப்பு பார்த்து, உங்கள் நாட்டின் அளவுகோலில் வைத்து, மிகச் சிறப்பு, சராசரிக்கு மேல், சராசரி, சராசரிக்குக் கீழ் என்று நான்கில் ஒன்றைத் தரும். இந்தியாவில் 60-க்கு மேல் முதல் வகுப்பு என்பது அவர்களுக்குத் தெரியும். நீங்களாக 64-ஐ 4-புள்ளி அளவுக்கு மாற்றி ரெஸ்யூமேயில் போடாதீர்கள்.

இன்னொன்று, எண் இல்லாததால் கல்லூரியின் நடு ஜிபிஏவை உங்கள் கோப்பு தொடாது. அப்போது எல்சாட் இன்னும் கனமாகப் பேசும். அரியர் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதலாம், ஏனென்றால் ஒரே பாடம் இரண்டு பட்டியலில் வருவதன் முறை அங்கிருப்பவர்களுக்குப் பழக்கமில்லாமல் இருக்கலாம். முதல் முயற்சி எப்போது, தேறியது எப்போது, அதற்குப் பின் அரியர் இல்லை. அவ்வளவே.

செங்காந்தள்

எனக்கு நோயும் இல்லை, குடும்பக் கஷ்டமும் இல்லை. வீட்டில் எல்லோரும் டாக்டர். நானும் ப்ரீ-மெட் (மருத்துவப் படிப்புக்கு முந்தைய பாடங்கள்) எடுத்தேன், இரண்டு ஆண்டு 2.9. அரசியல் அறிவியலுக்கு மாறினேன், அதன் பின் 3.85. அப்பா அம்மா கட்டாயப்படுத்தியதால்தான் என்று எழுதலாமா? அது உண்மைதான்.

கொன்றைப்பூ

உண்மையாக இருந்தாலும் எழுதாதீர்கள். உங்கள் கோப்பிலேயே பதில் இருக்கிறது: துறை மாறியது, கிரேடு மாறியது. மூன்று வாக்கியம் போதும். இந்த செமஸ்டர் வரை இந்தத் துறை, இந்த செமஸ்டரிலிருந்து அந்தத் துறை, அதன் பின் இந்த எண். சட்டப் படிப்பு கேட்கும் வாசிப்பும் எழுத்தும் எந்தப் பாடங்களில் இருந்ததோ அவற்றின் பெயரைச் சொல்லுங்கள், ஆய்வுக் கட்டுரை எழுதியிருந்தால் அதையும். பெற்றோரை உள்ளே இழுத்தால் படிப்பவருக்கு அடுத்த சந்தேகம் வரும்: சட்டம் யாருடைய விருப்பம்?

இப்படி எந்தக் காரணமும் இல்லாமல், ஒரே ஒரு பாடத்தில் பி மைனஸ் வந்தது என்பதற்கெல்லாம் அடெண்டம் எழுதுகிறார்கள் சிலர். அது தேவையே இல்லை. 3.7 ஏன் 3.9 ஆகவில்லை என்று யாரும் கேட்கப் போவதில்லை.

மரகதப்புறா

எல்லோருக்கும் நன்றி. மறுபடி எழுதினேன்:

"என் இளநிலைப் படிப்பின் மூன்றாம், நான்காம் செமஸ்டர்களில் என் ஜிபிஏ 2.4. அந்த ஆண்டு செப்டம்பரில் என் தாய்க்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. தந்தை வேறு மாநிலத்தில் பணியில் இருந்ததால், மே மாதம் சிகிச்சை முடியும் வரை தாயைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்வதும் பள்ளியில் படிக்கும் தம்பியைக் கவனிப்பதும் என் பொறுப்பாக இருந்தன. முழுப் பாடச் சுமையைக் குறைக்காமல் தொடர்ந்தேன். தாய் குணமடைந்த பின் ஐந்தாம் செமஸ்டரிலிருந்து முழு நேரமும் கல்லூரியில் இருந்தேன். மற்ற ஆறு செமஸ்டர்களில் என் ஜிபிஏ 3.8. ஆர்கானிக் கெமிஸ்ட்ரியை மறுபடி எடுத்து ஏ பெற்றேன். அந்த முதல் கிரேடும் எல்எஸ்ஏசி கணக்கில் சேர்ந்துள்ளது."

சிகிச்சைக்கு ஆதாரமாக மருத்துவமனைக் கடிதம் ஏதாவது இணைக்கலாமா?

ஆனைச்சாத்தன்

இதுதான் அடெண்டம். என்ன நடந்தது, எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது, அதன் பின் என்ன, எல்லாம் இருக்கிறது. ஒரே ஒரு திருத்தம்: "முழுப் பாடச் சுமையைக் குறைக்காமல் தொடர்ந்தேன்" என்பதை எடுத்துவிடலாம். தியாகமாகச் சொல்ல வருகிறீர்கள், படிப்பவருக்கு அது ஏன் குறைக்கவில்லை என்ற கேள்வியைத்தான் தரும்.

மருத்துவ ஆவணம் எதுவும் வேண்டாம், யாரும் கேட்கவில்லை. அது அம்மாவின் அந்தரங்கமும் கூட. நோயின் பெயரைப் போடுவது அவருக்குச் சம்மதமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பரிந்துரைக் கடிதம் தரும் பேராசிரியர்களில் அந்த ஆண்டு உங்களை அறிந்தவர் இருந்தால், அதை ஓரிரு வரியில் குறிப்பிட முடியுமா என்று கேளுங்கள். நீங்கள் சொல்வதை இன்னொருவர் சொல்வது எந்தக் கடிதத்தையும் விட மேல்.

மரகதப்புறா

அம்மாவிடம் கேட்டேன். "மார்பக" என்ற சொல் வேண்டாம், புற்றுநோய் என்றே இருக்கட்டும் என்றார். மாற்றிவிட்டேன். கெமிஸ்ட்ரியை இரண்டாம் முறை நடத்திய பேராசிரியருக்கு அந்த ஆண்டைப் பற்றித் தெரியும். அவருக்கு இப்போதுதான் மின்னஞ்சல் அனுப்பினேன்.

செங்காந்தள்

கொன்றைப்பூ, என் மூன்று வாக்கியங்களை எழுதிவிட்டேன், நாளை இங்கே போடுகிறேன். ஒரு சந்தேகம்: ஒரு கல்லூரியின் விண்ணப்பத்தில் அடெண்டம் ஏற்ற இடமே தெரியவில்லை. ரெஸ்யூமேயோடு ஒட்டிவிடலாமா?

கொன்றைப்பூ

வேண்டாம். இணைப்புகள் பகுதியில் "மற்றவை" மாதிரி ஒரு தலைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கை அலுவலகத்துக்கு இரண்டு வரியில் எழுதிக் கேளுங்கள், அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மேலே உங்கள் பெயர், எல்எஸ்ஏசி எண், "ஜிபிஏ அடெண்டம்" என்று தலைப்பு போட்டு தனிப் பக்கமாகவே வையுங்கள்.